உடைந்து கீழே விழுந்தால் மட்டும்

கார் நின்றுபோனால் என்ன செய்வது என்று சுவக்கினுக்குத் தெரியும். இறங்க வேண்டும். பொனட்டைத் திறக்க வேண்டும். அந்தக் காரைச் செய்தவனின் அப்பனைத் திட்ட வேண்டும். பிறகு ரோட்டில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். கம்பளையில் பேக்கரி வேன் ஓட்டிய காலமெல்லாம் அவர் இதைத்தான் செய்தார். வேனும் ஓடியது, ஊரும் பாண் தின்றது.

வாடகைக் கார் நின்றுபோனால் என்ன செய்வது என்பது வேறு படிப்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சுவக்கின், அந்தப் படிப்பை எழுபது வயதுக்கு மேல், அம்பிட்டியவைத் தாண்டிய ஏற்றத்தில், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பகலில் படித்து முடித்தார்.

அவருடைய கொழுந்தியாள் அஞ்சலா செத்துப்போயிருந்தாள். தலாத்துஓயாவுக்கு மேலே தோட்டத்தில் சாவு வீடு. சுவக்கின் தனி ஆளாக இருந்தால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயிருப்பார். ஆனால் போக வேண்டியவள் அவர் மனைவி கத்தரீனா. செத்தவளுக்கு ஒரே அக்கா. அவளோ கோயில் படியில் வழுக்கி விழுந்து, வலது காலில் தொடையிலிருந்து பாதம்வரை பிளாஸ்டர் போட்டுக் கிடந்தாள். கால் மடங்காது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. த்ரீவீலில் ஏற்றினால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எதிரே வருகிற லொறி அதைக் கொண்டுபோய்விடும். முன் சீட்டைப் பின்னால் சாய்த்த ஒரு கார்தான் வழி.

கத்தரீனாவின் மடியில் ஒரு பை இருந்தது. பைக்குள் கல்யாண நெட். மணப்பெண் தலையில் போடுகிற அந்த வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் அக்கா, தங்கை இருவரும் அவரவர் கல்யாணத்தன்று கோயிலுக்குப் போனார்கள். ஒரே நெட்தான், இரண்டு வாங்க வீட்டில் வக்கில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்த நெட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி பீடத்துக்குப் போனாளோ, அதையே சவப்பெட்டி மூடுமுன் அவள் முகத்தில் போட வேண்டும். மூத்தவள் போட வேண்டும். நெட் இத்தனை வருசமும் கத்தரீனாவின் அலுமாரியில்தான் இருந்தது.

கார் எடுக்கக் கண்டி டவுனுக்குப் போனபோது ‘மலைமுடி ரென்ட் எ கார்’ கம்பனியின் முகாமையாளர் லக்ஸ்மன் சுவக்கினைக் கதிரையில் உட்காரவைத்து உரையாற்றினார்.

“ஐயா, மத்த கம்பனி எல்லாம் தமிழ் ஆள்களுக்கு சிங்களத்துல பேப்பர் குடுக்குது. அது பாவம். நாங்க அப்பிடி இல்ல. சிங்கள ஆளுக்கு சிங்களம், தமிழ் ஆளுக்குத் தமிழ். இதுக்கு எங்களுக்கு விருது எல்லாம் கெடைச்சிருக்கு.” மேசைமேல் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காட்டினார்.

“ஒங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?” என்று சுவக்கின் கேட்டார்.

“தெரியாது. ஆனா மதிக்கிறேன்.”

வாசிக்காமலே மதிப்பது பெரிய மனசுதான். அந்தப் பெரிய மனசோடு சுவக்கினின் அடையாள அட்டையையும் கத்தரீனாவின் அடையாள அட்டையையும் வாங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். கார் திரும்பி வந்தால் அட்டையும் திரும்பி வரும் என்றார். சுவக்கின் தமிழில் கையெழுத்து வைத்தார். அவருக்கு வேறு மொழியில் வைக்கத் தெரியாது.

அந்தக் கார்தான் அம்பிட்டிய ஏற்றத்தில் இரண்டு இருமல் இருமி நின்றது.

சுவக்கின் இறங்கி டயருக்குக் கல் வைத்தார். பொனட்டைத் திறக்கப் போனார். கம்பனிக்காரன் கம்பி கட்டி ஈயத்தில் சீல் வைத்திருந்தான். உடைத்தால் குற்றம் என்று காருக்குள் எழுதி ஒட்டியிருப்பதாகக் கத்தரீனா வாசித்துச் சொன்னாள். தள்ளுவதற்கு ரோட்டில் ஆளும் இல்லை. ஆகவே அவருக்குத் தெரிந்த நாலு வேலைகளில் அப்பனைத் திட்டுவது மட்டும் பாக்கியிருந்தது. அதைச் செய்தார்.

“திட்டினா ஓடுமா? றஜீவுக்கு ஒரு கோல் எடுங்க” என்றாள் கத்தரீனா. இருவருக்கும் ஒரு போன்தான்.

அஞ்சலாவின் மகன் றஜீவ் எடுத்தான். “பெரியப்பா, குழி வெட்டியாச்சு. மழை வந்தா குழியில தண்ணி நின்னுரும். பாதரும் மழைக்கு முந்தி எடுத்துரலாங்கிறாரு. பெரியம்மா வரட்டும்னுதான் பொறுத்திருக்கோம். அப்பிடி வர முடியாமப் போனா, மூடுறதுக்கு முந்தி வீடியோ கோல் எடுத்து முகத்தையாவது காட்டுறேன்.”

“வீடியோவும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் வந்துருவேன்” என்று கத்தரீனா போனைப் பிடுங்கிச் சொன்னாள்.

காரின் டாஷ்போர்டில் மூன்று மொழியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தமிழைக் கத்தரீனா வாசித்தாள்: ‘வாகனம் உடைந்து கீழே விழுந்தால் மட்டும் இந்த இலக்கத்தை அழைக்கவும். அரை மணித்தியாலத்தில் மாற்று வாகனம் தரப்படும்.’

“என்னா எழவுடி இது, ஒடைஞ்சு கீழ விழுந்தாவா?”

“படிச்சவங்க எழுதியிருப்பாங்க. ஒங்க வாய வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க. மரியாதையாக் கேளுங்க.”

சுவக்கின் அழைத்தார். தமிழுக்கு இரண்டை அமுக்கச் சொன்னது, அமுக்கினார். அவருடைய அழைப்பு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதை நிரூபிக்க நிறைய நேரம் வயலின் வாசித்தார்கள்.

“வணக்கம். மலைமுடி, தமிழ்ப் பிரிவு. நான் டிலானி. தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?”

“தங்கச்சி, ஒங்க கார் நின்னுருச்சு.”

“வாகனம் உடைந்திருக்கிறதா ஐயா?”

“ஒடையல.”

“கீழே விழுந்திருக்கிறதா?”

“எங்கேருந்து விழும்? தரையிலதானே நிக்குது?”

“மிக்க மகிழ்ச்சி ஐயா. அப்படியானால் தங்கள் வாகனம் நல்ல நிலையில் உள்ளது. மேலும் ஏதாவது உதவி வேண்டுமா?”

“அம்மா, அது ஓட மாட்டேங்குது!”

“ஓடாமை பற்றி நிபந்தனையில் ஒன்றும் இல்லை ஐயா. உடைந்து கீழே விழுந்தால் மட்டும் மாற்று வாகனம். தாங்கள் ஒப்பமிட்டிருக்கிறீர்கள்.” பிறகு குரலைத் தணித்து, மனுசி மாதிரி, “ஐயா, கோல் ரெக்கோட் ஆகுது. நான் வேற ஒண்ணும் சொல்ல ஏலாது” என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பின்னால் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. மடவளை சாஹுல் ஹமீது. ஊர் ஊராக மெத்தை விற்கிறவர். லொறி நிறைய மெத்தை, பொலித்தீன் கூடக் கழற்றாத புது மெத்தை.

“என்ன ஐயா, வண்டி நிண்டுட்டா?”

சுவக்கின் சொன்னார். ஹமீது காருக்குள் தலையை விட்டு ஸ்டிக்கரைப் பார்த்தார். அவருக்குத் தமிழும் வரும், சிங்களமும் வரும்.

“யா அல்லாஹ், சிங்களத்துல ‘வாகனம் நிண்டுட்டா கோல் எடுங்க’ எண்டுதானே ஈக்கி! தமிழ்ல மட்டும் ஏன் இப்பிடி?”

சுவக்கினுக்குச் சிங்களம் வாசிக்க வராதே தவிர, பேக்கரி வேனில் பேசிப் பேசிப் பழகிய வாய். மறுபடி அழைத்து ஒன்றை அமுக்கினார். சிங்களத்தில், கார் நின்றுவிட்டது, அனுப்புங்கள் என்றார். அங்கே ஒரு பையன் மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டான். பெயரைக் கேட்டான். உங்கள் மொழி உரிமையை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லை மாமா என்றான். வயலின் வந்தது. பிறகு டிலானி வந்தாள்.

“தங்கச்சி, சிங்களத்துல நின்னாலே போதும்னு எழுதியிருக்காமே?”

“அது சிங்களத்தில் ஒப்பமிட்டவர்களுக்கு ஐயா. அவர்களுடைய கார் நின்றால் போவோம். தங்களுக்குத் தமிழில் உள்ள உரிமை முழுமையாகக் கிடைக்கும். அதில் ஒரு சொல்லும் குறையாது.”

ஹமீது லொறியின் பின்கதவைத் திறந்தார். “இதுகளோட கதைச்சி வேலை இல்ல ஐயா. அம்மாவைத் தூக்கி மெத்தையில படுக்க வையுங்க. நான் தலாத்துஓயா தாண்டி மாரஸ்ஸன பக்கம்தான் போற. ஆடாம அசையாமக் கொண்டுபோய் எறக்குறேன்.”

சுவக்கின் போனில் சொன்னார்: “சரி தங்கச்சி. ஒங்க காரை இங்கயே விட்டுட்டு நாங்க போறோம்.”

“அது ‘கைவிடுதல்’ ஐயா. கைவிட்டால் திருட்டாகக் கருதி பொலிசுக்கு அறிவிப்போம். அடையாள அட்டை இரண்டும் எங்களிடம் உள்ளன. தயவுசெய்து வாகனத்துடன் இருங்கள். மாற்று வாகனம் தொடர்பான அதிகாரி புறப்பட்டுவிட்டார்.”

சுவக்கின் பிறந்ததிலிருந்து யாரையும் நம்பியதில்லை. பால்காரனை நம்பாமல் பாலை முகர்ந்து பார்ப்பார். பாதரை நம்பாமல் பூசையில் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிப்பார். அப்படிப்பட்ட மனிதர் அந்த ஒரு தரம், ‘தொடர்பான அதிகாரி’ என்பதைக் காதில் வாங்காமல், ‘மாற்று வாகனம் புறப்பட்டுவிட்டார்’ என்று மட்டும் வாங்கினார்.

“கார் வருதாம்” என்றார்.

“வருதுன்னா பொறுப்போம்” என்றாள் கத்தரீனா. “தங்கச்சி வீட்டுல நான் மெத்தையில மல்லாக்கக் கெடந்துக்கிட்டா போய் எறங்குறது? எந்தப் பொணத்தத் தூக்குறதுன்னு சனம் தடுமாறிப்போகும்.”

ஹமீது சிரித்தார். கதவை மூடினார். “நான் சாமானை எறக்கிட்டு இந்த ரோட்டாலதான் திரும்ப வாற. நீங்க இங்கதான் நிப்பீங்க, பாருங்க.”

மெத்தை லொறி வளைவில் மறைந்தது.

அதிகாரி வந்தார். மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் காரும் வருகிறதா என்று சுவக்கின் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு நாய் வந்தது.

“வணக்கம் ஐயா. நான் மயில்வாகனம். மொழி இணக்கப்பாட்டு அதிகாரி.” வடக்கிலிருந்து வந்து கண்டியில் வேலை பார்க்கிறவர். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையைச் சீவிக்கொண்டார்.

“கார் எங்க?”

“அதுக்கு முதல் நான் இந்தக் காரைப் பாக்கவேணும்.”

பார்த்தார். சுற்றி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். குந்தியிருந்து அடிவயிற்றை எட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டினார்.

“ஒண்டும் உடையேல்ல. கீழயும் விழேல்ல.”

“நான் எப்ப ஒடைஞ்சுச்சுன்னு சொன்னேன்? நின்னுருச்சு. நின்னுருச்சுய்யா!”

“ஐயா கோவிக்காதேங்கோ. அந்த வசனத்தை மொழிபெயர்த்ததே நான்தான். ‘பிரேக்’ எண்டா உடைதல். ‘டவுன்’ எண்டா கீழ. ஒரு சொல்லையும் நான் விடேல்ல. விருதுக்கு வந்த நடுவர்மாரே பாராட்டினவை.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“அது எனக்குத் தெரியாது. நீளமா இருக்கெண்டு பாராட்டினவை.” மயில்வாகனம் தூரத்து மலையைப் பார்த்தார், யாரோ தன்னைப் படம் எடுப்பதுபோல. “நான் நினைச்சா ‘நின்றால்’ எண்டு மாத்தலாம். ஆனா ஒருக்கா மாத்தினா, முந்தி எழுதினது பிழையெண்டு ஆகிப்போகும். பிழையெண்டா விருதைத் திருப்பிக் குடுக்கவேணும். விருது போனா தமிழ்ப் பிரிவை மூடிப்போடுவினம். பிறகு உங்களுக்கு ஆர் தமிழில பதில் சொல்லுறது? தமிழுக்காகத்தான் ஐயா நான் இந்தப் பிழையைக் காப்பாத்திக்கொண்டு இருக்கிறன்.”

கத்தரீனா காருக்குள் இருந்தபடியே கும்பிட்டாள். “தம்பி, என் தங்கச்சியப் பெட்டியில வெச்சிருக்காங்க. முகத்துல இதப் போடணும். மழை வந்துரும்.”

மயில்வாகனத்தின் முகம் ஒரு கணம் இளகியது. “அம்மா, எனக்கும் தங்கச்சி இருக்கு. உடைஞ்சு கீழ மட்டும் விழட்டும், அரை மணித்தியாலத்தில கார் நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு.” கீழே வளைவில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது, அங்கே நிற்பதாகச் சொல்லிப் போனார்.

சுவக்கின் காரைப் பார்த்தார். ரோட்டின் ஓரத்துச் சரிவைப் பார்த்தார். கீழே வீடு இல்லை, ஆள் இல்லை, காட்டுப் புல்லும் நாலைந்து மரமும்தான்.

“எறங்கு” என்றார்.

“எதுக்கு?”

“எறங்கு புள்ள.”

அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மதகுக் கட்டையில் உட்காரவைத்து, பிளாஸ்டர் காலை ஒரு கல்லின்மேல் நீட்டிவைத்தார். பையை மடியில் வைத்தார். காருக்குப் போய் கியரை நியூட்ரலில் போட்டார். கைப்பிரேக்கை எடுத்தார். டயருக்கு வைத்த கல்லை உதைத்தார். வாலிபத்தில் எத்தனையோ வண்டி தள்ளியவர். இதுதான் பின்னோக்கித் தள்ளிய முதல் வண்டி.

கார் மெதுவாகப் பின்னால் போயிற்று, ஓரத்தில் ஒரு கணம் யோசித்தது, சரிந்தது. ஒரு மரத்தில் மோதி, கண்ணாடி நொறுங்கி, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

“மாதாவே, என்னாங்க செஞ்சீங்க!”

“எழுதியிருந்ததச் செஞ்சேன்.”

சத்தம் கேட்டு மயில்வாகனம் ஓடிவந்தார், கையில் பாதி வடையோடு. சரிவில் இறங்கி, பார்த்து, படம் எடுத்து, மூச்சு வாங்க மேலே வந்தார்.

“கீழ விழுந்தது சரி.”

“ஆமா.”

“உடைஞ்சதும் சரி.”

“ஆமாய்யா. காரைக் கொண்டாரச் சொல்லு.”

“ஆனா எது முதல்?”

“என்னா எது முதல்?”

“‘உடைந்து கீழே விழுந்தால்’ எண்டுதான் எழுதியிருக்கு. முதல் உடையவேணும், பிறகு விழவேணும். உங்கட கார் முதல் விழுந்து பிறகெல்லோ உடைஞ்சிருக்கு? ‘உடைந்து’ எண்டது வினையெச்சம் ஐயா. அதைப் பின்னால கொண்டுபோய் வைக்க இலக்கணத்தில இடமில்லை.” பிறகு, இரக்கப்பட்டு, “தலைமை அலுவலகம் விசேடமா அனுமதிச்சாத்தான். நீங்கள் கோல் எடுத்து முறைப்பாட்டைப் பதியுங்கோ. லைனை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ. வெட்டினா முதலில இருந்து துவங்கவேணும்.”

சுவக்கின் அழைத்தார். இரண்டை அமுக்கினார். வயலின். தோட்டப் பக்கம் மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. காதுக்குள் வயலினுக்கு நடுவே டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

“றஜீவ் கூப்புடுறான்” என்றார்.

கத்தரீனா கையை நீட்டினாள். “எடுங்க, எடுங்க. முகத்தக் காட்டத்தான் கூப்புடுறான்.”

“வெட்டினா கார் வராது. கார் வந்துட்டா நீ நேராவே பாத்துரலாம்.”

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. டிக் டிக் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. மூன்றாவது முறை வரவில்லை. மழையின் முதல் துளி பிளாஸ்டர்மேல் விழுந்தது. கத்தரீனா காலை நனைய விட்டுவிட்டுப் பையைச் சேலைக்குள் மறைத்தாள்.

வயலின் நின்று அந்தப் பெண் குரல் பேசியது. மனுசி இல்லை, பதிவு செய்த குரல்.

“மன்னிக்கவும். எமது கணினி உடைந்து கீழே விழுந்துள்ளது. பின்னர் அழைக்கவும்.”

லைன் அதுவாகவே வெட்டிக்கொண்டது.

சுவக்கின் றஜீவை எடுத்தார். அழுகைச் சத்தத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் நடுவில் அவன் கத்தினான். “எத்தன தடவ எடுத்தேன் பெரியப்பா, லைன் பிசி பிசின்னே வந்துச்சு! இங்க மழை புடிச்சிருச்சு. மூடிட்டோம். இப்பதான் ஆணி அடிச்சாங்க.”

கத்தரீனா போனை வாங்கினாள். “முகத்துல என்னா போட்டீங்க?”

“நெட் இல்லையே பெரியம்மா. பாதர் அவசரப்படுத்துனாரு. மூஞ்சி தொடைக்கிற என் லேஞ்சியத்தான் போட்டேன். கழுவுனதுதான் பெரியம்மா. கழுவுன லேஞ்சிதான்.”

அவள் போனைக் கணவனிடம் கொடுத்தாள். பையைப் பிரித்து நெட்டை எடுத்தாள். இனி நனைந்தால் என்ன. அதைத் தன் முகத்திலேயே அழுத்திக்கொண்டு, மதகுக் கட்டையிலிருந்து வழுகி, மடங்காத காலோடு ரோட்டில் சரிந்தாள். முதுகு குலுங்கியது. சுவக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்தார். லைனை வெட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய கைதான்.

சொன்னபடியே ஹமீதின் லொறி திரும்பியது. மேலேயிருந்து வந்தது, எல்லாம் இறக்கி ஒரே ஒரு மெத்தை மிச்சமாக. ஹமீது இறங்கி, சரிவில் கிடந்த காரைப் பார்த்தார், ரோட்டில் கிடந்த மனுசியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார்.

மயில்வாகனத்தின் போன் அடித்தது. பேசினார். முகம் மலர்ந்தது.

“ஐயா, தலைமை அலுவலகம் விசேடமா இரங்கியிருக்கு! உடைந்து கீழ விழுந்த ஒண்டு இருந்தா, வரிசை மட்டும் சரியெண்டாப் பதியச் சொல்லுகினம். காருக்கு ஏலாது, அது நீங்கள் தள்ளினது எண்டு, பாத்துக்கொண்டு நிண்ட தேத்தண்ணிக் கடைக்காரன் சொல்லிப்போட்டான். வேற ஏதும் இருக்கே? உடைஞ்சு, பிறகு விழுந்ததா?”

சுவக்கின் நிமிர்ந்து பார்த்தார். மழை அவர் கண்ணிமையில் வழிந்தது.

“இந்தா இருக்கா” என்றார், மனைவியைக் காட்டி. “மொதல்ல ஒடைஞ்சா. அப்புறந்தான் விழுந்தா. ஒன் எலக்கணம் சரியா இருக்கான்னு பாத்துக்க.”

மயில்வாகனம் குனிந்து பார்த்தார். நெட்டால் மூடிய முகத்தைப் பார்த்தார், பிளாஸ்டர் காலைப் பார்த்தார். மழையில் நனையாமல் போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“வரிசை சரிதான் ஐயா. ஆனா அம்மா எங்கட வாகனம் இல்லையே.”